காலால் ஓடும் கடைசல் எந்திரம்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் அழைத்தபோது, "அமெரிக்காவிலே இருக்கே, ஏ.ஐ. பத்தி ஏதாவது பேசேன், பசங்க ஆர்வமா கேப்பாங்க" என்றார். ஏ.ஐ. பற்றிப் பேச இந்த அரங்கிலேயே என்னைவிடத் தெரிந்தவர்கள் முப்பது பேராவது இருப்பீர்கள். எனவே, எனக்குக் கையால் தொட்டுத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பேசுகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டேன். என் வீட்டு கராஜில் நிற்கிற, மின்சாரமே வேண்டாத, காலால் மிதித்து ஓட்டுகிற ஒரு பழைய மர லேத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதை வாங்கிய கதையும், அதை மறுபடி ஓடவைத்த கதையும். தூக்கம் வந்தால் பின்வரிசைக்காரர்கள் தாராளமாகத் தூங்கலாம். கல்லூரி நாட்களில் நானும் அங்கே உட்கார்ந்தவன்தான்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. லேத் வேலைக்கு நம் மொழியில் கடைசல் என்று பெயர். மோர் கடைகிறோமே, அதே கடைவதுதான். இது தற்செயலாக வந்த ஒற்றுமை என்று நான் நினைக்கவில்லை. மத்தில் கயிற்றைச் சுற்றி இரு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தால் மத்து ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் சுற்றும். பழைய காலத்து லேத் எல்லா நாட்டிலும் இப்படித்தான் இருந்தது. மரத்துண்டில் கயிற்றைச் சுற்றி ஒருவர் இழுக்க, இன்னொருவர் உளி பிடிப்பார். அல்லது வில்லைக் கட்டி ஒருவரே ஒரு கையால் இழுப்பார். ஐரோப்பாவில் கயிற்றின் மேல்முனையை வளைந்து கொடுக்கும் நீண்ட கழியில் கட்டி, கீழ்முனையைக் காலால் மிதித்தார்கள். இங்கிலாந்தில் சில்டர்ன் குன்றுப் பகுதியில் நாற்காலிக் கால் கடைந்தவர்கள் இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் இந்தக் கழி லேத்தை விடவில்லை.

இதில் ஒரு குறை உண்டு. மரம் நம் பக்கமாகச் சுற்றும்போதுதான் உளி வெட்டும். எதிர்ப்பக்கம் சுற்றும்போது உளியைச் சற்றுப் பின்வாங்க வேண்டும். பாதி நேரம் வீண். ஒரே திசையில் தொடர்ந்து சுற்ற வேண்டுமானால் மிதிபலகை, கிராங்க், கனமான சக்கரம் மூன்றும் சேர வேண்டும். லியனார்டோ டாவின்சியின் குறிப்பேடுகளில் ஒன்றான கோடெக்ஸ் அட்லாண்டிகஸில் இந்த அமைப்பு வரையப்பட்டிருக்கிறது. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய படம். என் கராஜில் நிற்பது அதன் இரும்புப் பேரன்.

நான் வசிப்பது இல்லினாய் மாநிலத்தில், ராக்ஃபோர்டு நகரத்துக்குப் பக்கத்தில். சிகாகோவிலிருந்து வடமேற்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் வரும். ஒரு காலத்தில் மரச்சாமான்களுக்கும் மெஷின் டூல்களுக்கும் பேர் போன ஊர். அங்கே டபிள்யூ.எஃப். அண்டு ஜான் பார்ன்ஸ் என்ற கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காலால் ஓடும் எந்திரங்களை வைத்து ஒரு பெரிய தொழிலை நடத்தியது. ரம்பம், லேத், துளை போடும் எந்திரம் என்று எல்லாமே கால்மிதி. சிலவற்றில் சைக்கிள் மாதிரி சீட்டும் இரண்டு பெடலும் உண்டு. நீராவி எந்திரம் வைத்திருக்கிற தொழிற்சாலையோடு சின்னத் தச்சரும் போட்டி போடலாம் என்பதுதான் அவர்களுடைய விளம்பரம். அது அப்படியொன்றும் அளப்பு இல்லை. அமெரிக்கா என்றதும் நமக்கு வெளிச்சம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1930-களின் நடுவில் அந்த நாட்டுப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. 1935-ல் கிராம மின்மயமாக்கலுக்கென்று தனித் துறை ஏற்பட்ட பிறகுதான் கம்பிகள் வயல்களைத் தாண்டின. அதுவரை கிராமத்துத் தச்சருக்கு மோட்டார் என்றால் அவருடைய வலது கால்தான்.

என் லேத் பார்ன்ஸ் தயாரிப்பா என்று கேட்பீர்கள். அப்படி இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. அவர்கள் வார்ப்பிலேயே தங்கள் பெயரைப் போட்டுவிடுவார்கள். என்னுடையதில் எந்தப் பெயரும் இல்லை. அந்தக் காலத்தில் இரும்புப் பாகங்களை மட்டும் விற்பதும் உண்டு. ஹெட்ஸ்டாக், டெயில்ஸ்டாக், சக்கரம், கிராங்க் இவற்றை வாங்கிக்கொண்டு போய் மரத்தில் பெட் செய்து மாட்டிக்கொள்ள வேண்டியது வாங்குபவர் பொறுப்பு. என்னுடையது அந்த ரகம். மேப்பிள் மரத்தில் இரண்டு நீள உத்தரங்கள், அவற்றைத் தாங்கும் நான்கு கால்கள், எல்லாம் யாரோ ஒரு நல்ல தச்சர் செய்தது.

2022 அக்டோபரில் அதை வாங்கினேன். விஸ்கான்சின் மாநிலத்தின் தென்பகுதியில் ஒரு பழைய பால்பண்ணை. மாடுகள் போய் வெகு நாளாகிவிட்டது. பண்ணைக்காரர் எண்பதைத் தாண்டிய பெரியவர். தன் மகள் வீட்டோடு போய்விடுவதற்காகத் தொழுவத்தைக் காலி செய்துகொண்டிருந்தார். வைக்கோல் தூசிக்கும் புறா எச்சத்துக்கும் அடியில் இது கிடந்தது. "இது என் தாத்தாவுடையது" என்றார். விலை கேட்டேன். உடனே சொல்லவில்லை. "இதை ஓட்டப் போறியா, இல்லை பூந்தொட்டி வைக்கப் போறியா?" என்று கேட்டார். அங்கே அப்படி ஒரு வழக்கம் உண்டு. பழைய தையல் மெஷின் காலுக்கு மேல் கண்ணாடி போட்டு உணவகத்தில் மேஜையாக்கிவிடுவார்கள். ஓட்டத்தான் போகிறேன் என்றேன். "அப்போ 300 டாலர். ஓட ஆரம்பிச்சதும் எனக்குப் போன் பண்ணு. ஒரே ஒரு தடவை நான் பாக்கணும்" என்றார். கை கொடுத்து முடித்தோம்.

வாங்கும்போது நான் பார்த்தவை நான்கு. வார்ப்பில் விரிசல் உண்டா என்று சக்கரத்தின் ஒவ்வொரு ஆரக்காலையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். கோயில் மணி மாதிரி கணீரென்றால் முழுசு, ஓட்டைப் பானை மாதிரி சத்தம் வந்தால் விரிசல். கணீரென்றே கேட்டது. ஸ்பிண்டில் வளைந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. கிராங்க் இருந்தது. டூல் ரெஸ்ட் இருந்தது. இது பெரிய விஷயம், ஏனென்றால் தனியாகக் கழன்று வரக்கூடிய பாகங்கள்தான் நூறு வருஷத்தில் முதலில் தொலையும். மிதிபலகையையும் கிராங்க்கையும் இணைக்கிற கோல் மட்டும் இல்லை. அது வெறும் மரம், செய்துகொள்ளலாம்.

அந்தக் குளிர்காலம் முழுக்கப் பிரிப்பதிலேயே போனது. டெயில்ஸ்டாக்கின் உள்தண்டு அசையவே இல்லை. ஊடுருவும் எண்ணெய் ஊற்றி, சூடு காட்டி, ஆறவிட்டு, மறுபடி எண்ணெய் என்று தினம் ஒரு வேளை, பூஜை மாதிரி. பதினொன்றாவது நாள் ஒரு சின்ன "டிக்" சத்தத்தோடு அசைந்தது. அவசரப்பட்டுச் சம்மட்டி எடுக்கிறவர்களிடம் பழைய வார்ப்பு இரும்பு பேசாது, உடைந்துவிடும்.

மேலே இருந்த பச்சைப் பெயிண்ட்டைச் சுரண்டும் முன் ஈயம் இருக்கிறதா என்று பரிசோதித்தேன். இருந்தது. அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்தை 1978-ல்தான் தடை செய்தார்கள். ஆகவே அதற்கு முந்தைய எதையும் சாண்ட்பேப்பர் போட்டுத் தூசி கிளப்பக் கூடாது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இன்னும் கவனம். எனக்கு அப்போது மகளுக்கு மூன்று வயது. பெயிண்ட்டை ஈரத்தோடு மட்டுமே சுரண்டினேன். அந்த வேலைக்கென்று தனி உடுப்பு வைத்திருந்தேன். அதோடு வீட்டுக்குள் நுழைய என் மனைவி தடை போட்டிருந்தாள்.

துருவுக்கு மின்பகுப்பு. இதை மாணவர்கள் இங்கேயே செய்து பார்க்கலாம். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் முனை துருப்பிடித்த பாகத்துக்கு, பாசிட்டிவ் முனை ஒரு வேண்டாத இரும்புத் தகட்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் நல்ல பாகம் கரைந்துவிடும். ஸ்டெயின்லெஸ் தகடு மட்டும் வேண்டவே வேண்டாம், குரோமியம் கரைந்து தண்ணீர் விஷமாகும். ஹைட்ரஜன் வெளிவரும், எனவே திறந்த இடத்தில்தான். ஒரு இரவு கழித்து எடுத்தால் துரு கறுப்பு மாவாக உதிரும், அடியில் உள்ள இரும்பு ஒரு மில்லிகிராம்கூடக் குறையாது. அப்படி எடுத்தபோது ஹெட்ஸ்டாக்கின் பக்கவாட்டில் வார்ப்பு அச்சு செய்தவருடைய உளித் தடம் தெரிந்தது. மர அச்சில் இருந்த உளித் தடம் மணலில் பதிந்து, மணலிலிருந்து இரும்புக்கு வந்திருக்கிறது. நம் ஃபவுண்டரி வகுப்பில் அச்சை வழவழப்பாகத் தேய்க்கச் சொல்லி ஏன் அவ்வளவு திட்டினார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது.

ஸ்பிண்டில் முனையில் இருந்த திருகுப்புரி இன்னொரு வேடிக்கை. 7/8 அங்குல விட்டத்துக்கு அங்குலத்துக்கு 12 புரி. இன்று அது வழக்கமான அளவு இல்லை. வில்லியம் செல்லர்ஸ் 1864-ல் அமெரிக்காவுக்கு ஒரு பொதுப் புரி அளவை முன்மொழிந்தார். ஆனால் சின்னப் பட்டறைகள் எல்லாம் உடனே கேட்டுக்கொண்டனவா என்ன? அவரவர் கையில் இருந்த டை எதுவோ அதுவே தரம்.

நண்பர்களே, இந்த நிலையில், அதாவது எந்திரம் நாற்பது துண்டுகளாக கராஜ் தரையில் கிடந்த 2023 ஜனவரி மாதத்தில், எனக்கு வேலை போனது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். காலை 9 மணிக்கு ஒரு வீடியோ அழைப்பு, பத்து நிமிஷத்தில் முடிந்தது. எங்கள் பிரிவு மொத்தமும் போனது. வெளிநாட்டு வேலை பற்றிக் கனவு காணும் மாணவர்களுக்காக இதைச் சொல்கிறேன். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் இன்னொரு நிறுவனம் மனுப் போட வேண்டும், அல்லது வேறு தகுதிக்கு மாற விண்ணப்பிக்க வேண்டும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். வீடு, கார், குழந்தையின் பள்ளி எல்லாம் அந்த 60 என்ற எண்ணுக்குள் அடக்கம். அந்த நாட்களில் மரச்சாமான் கடைந்து விற்றுச் சம்பாதிக்கலாமே என்றால் அதுவும் கூடாது, அது அனுமதியில்லாத வேலையாகிவிடும்.

அந்த வாரமே பழம்பொருள் வியாபாரி ஒருவர் எப்படியோ கேள்விப்பட்டு வந்தார். சக்கரத்தையும் மற்ற இரும்புகளையும் மட்டும் எடுத்துக்கொள்வாராம். 1,200 டாலர். எதற்கு என்று கேட்டேன். ஒரு உணவகத்துச் சுவரில் மாட்டுவதற்கு என்றார். வாங்கிய விலையைப் போல நான்கு மடங்கு, அதுவும் சம்பளம் இல்லாத மாதத்தில்.

அன்றிரவு என் மனைவியிடம் சொன்னேன். அவள் கணக்குப் புத்தகத்தை எடுத்தாள். எல்லாம் பார்த்துவிட்டு, "இந்தப் பணம் வந்தா பன்னெண்டு நாள் ஓடும். பன்னெண்டு நாளுக்காக அந்தப் பெரியவருக்குச் சொன்ன வார்த்தையை விடணுமாங்க? அறுபதாவது நாள்ல பாத்துக்கலாம்" என்றாள். அப்படியே முடிவானது. காலையில் ஆறு மணி நேரம் வேலை தேடுவது, மாலையில் இரண்டு மணி நேரம் கராஜ் என்று ஒரு அட்டவணை போட்டுக்கொண்டேன். 51-ஆம் நாள் ஒரு நிறுவனம் மனுப் போட்டது. அந்த ஐம்பத்தொரு நாளைப் பற்றி வேறு என்ன சொல்ல? நேர்முகத் தேர்வில் சிரித்த முகமாக இருக்க வேண்டியிருந்தது. மாலையில் துருவிடம் சிரிக்க வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி பேரிங்குக்கு வருகிறேன். இது மெக்கானிக்கல்காரர்களுக்குப் பிடிக்கும்.

ஹெட்ஸ்டாக்கில் பால் பேரிங் கிடையாது. பாபிட் உலோகம். ஐசக் பாபிட் என்பவர் 1839-ல் காப்புரிமை பெற்றது. வெள்ளீயம் பெரும்பங்கு, ஆண்டிமனியும் செம்பும் கொஞ்சம். மென்மையான தளத்தில் கடினமான துகள்கள் பதிந்திருக்கும். மென்பகுதி தேய்ந்து எண்ணெய்க்கு இடம் விடும், கடினப்பகுதி தண்டைத் தாங்கும். எண்ணெய் வறண்டால்கூடத் தண்டைக் கெடுக்காமல் தானே உருகித் தியாகம் செய்யும். என் லேத்தில் அது ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்து ஸ்பிண்டில் ஆடியது. புதிதாக ஊற்ற வேண்டும்.

பழையதை உருக்கி எடுத்தேன். ஸ்பிண்டிலை அதன் இடத்தில் சரியான உயரத்தில், பெட்டுக்கு இணையாக நிறுத்தினேன். இந்த ஒரு வேலைக்கு மூன்று மாலைகள், ஏனென்றால் ஊற்றிய பிறகு திருத்த முடியாது. உலோகம் ஒட்டாமலிருக்க மெழுகுவர்த்திப் புகையைத் தண்டின் மேல் படியவிட வேண்டும். கண்மைக்குக் கரி பிடிப்பது போல. இரு ஓரங்களையும் களிமண் பிசைந்து அடைத்தேன். ஹெட்ஸ்டாக்கையும் தண்டையும் டார்ச்சால் நன்றாகச் சூடாக்கினேன். குளிர்ந்த இரும்பில் ஊற்றினால் பாதியில் உறைந்துவிடும். ஈரம் ஒரு சொட்டு இருந்தாலும் நீராவியாகி உருகிய உலோகம் முகத்தில் தெறிக்கும். ஆகவே முகக்கவசம், தோல் கையுறை, மூச்சுக்கவசம், திறந்த வெளி. உலோகம் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பைன் குச்சி போதும். உள்ளே விட்டால் குச்சி கருக வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது. பாகுப் பதம் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு ஒரே மூச்சில், கை நிறுத்தாமல் ஊற்ற வேண்டும்.

ஆறியதும் கழற்றி, தண்டில் நீலச் சாயம் தடவி உள்ளே வைத்துச் சுற்றிப் பார்த்தேன். சாயம் ஒட்டிய மேட்டைச் சுரண்டியால் துளித் துளியாக எடுத்தேன். மறுபடி சாயம், மறுபடி சுரண்டல். மேல்மூடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் மெல்லிய அட்டைகள் வைத்தேன். பின்னாளில் தேய்ந்தால் ஒரு அட்டையை உருவினால் போதும். நூறு வருஷத்துக்கு முன்னால் ரிப்பேருக்கு இப்படி வசதி வைத்திருக்கிறார்கள். இன்று நாம் பசை போட்டு ஒட்டிவிடுகிறோம்.

அடுத்தது சக்கரம். 26 அங்குல விட்டம், குளியலறைத் தராசில் 42 கிலோ. கனம் பெரும்பாலும் விளிம்பில். ஒரு மனிதன் தொடர்ந்து கொடுக்கக்கூடிய ஆற்றல் சுமார் 75 வாட், அதாவது குதிரைத்திறனில் பத்தில் ஒன்று. கடையில் விற்கும் சாதாரண மர லேத்தில் அதைப் போலப் பத்து மடங்கு மோட்டார் இருக்கும். பிறகு இது எப்படி வெட்டும்? கணக்குப் போட்டேன். நிமிஷத்துக்கு 80 மிதி. சக்கரத்தில் சேமிப்பு ஏறத்தாழ 110 ஜூல். ஒரு சுற்றில் பாதி நேரம்தான் கால் தள்ளுகிறது. மீதிப் பாதியில் உளி தின்பது 28 ஜூல். அதற்குள் வேகம் சுமார் 14 சதவீதம் இறங்கும், அடுத்த மிதியில் ஏறும். இந்த ஏற்ற இறக்கம் காதுக்கே கேட்கும். பெல்ட் ஓடும் விட்டம் சக்கரத்தில் 24 அங்குலம், ஹெட்ஸ்டாக்கில் 3 அங்குலம், எட்டு மடங்கு. எனவே மரம் நிமிஷத்துக்கு 640 சுற்று. ஆழமாக வெட்ட ஆசைப்பட்டால் சக்கரம் நின்றே போகும். ஆகவே உளி சவரக்கத்தி மாதிரி இருந்தாக வேண்டும். மோட்டார் லேத்தில் மொட்டை உளியையும் அழுத்தி ஓட்டிவிடலாம், அதற்குத் தெரியாது. கால் லேத்தில் உளி மழுங்கியதை முழங்கால் சொல்லிவிடும்.

இன்னொன்று, வலிப்பது மிதிக்கிற கால் இல்லை. நிற்கிற கால்! இருபது நிமிஷம் ஒற்றைக்காலில் நின்று பாருங்கள், தெரியும்.

இப்போது மிதிபலகை. ஆஷ் மரம், மூன்றடி நீளம், இடது முனையில் பிளந்திருந்தது. கேட்டவர்கள் எல்லோரும், "அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு போடு, இருபது டாலர் பலகை" என்றார்கள். நியாயமான யோசனைதான். நானும் பலகை வாங்கியே வைத்திருந்தேன். மாற்றுவதற்காகக் கழுவித் துடைத்தபோதுதான் அதில் இரண்டு பள்ளங்கள் தெரிந்தன. நடுவில் ஒன்று, ஆழமாக, என் செருப்பு அளவு. இடது முனையில் இன்னொன்று, ஆழம் குறைவு, அகலமும் குறைவு.

நடுப்பள்ளம் புரிகிறது, கடைபவர் கால். இடதுபக்கப் பள்ளம்? நீளமான மரத்தைக் கடையும்போது அவர் நகர்ந்து நின்றிருப்பார் என்று முதலில் நினைத்தேன். அப்படியானால் தேய்மானம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவிலிருந்து இடதுவரை ஒரு வாய்க்கால் போல. இங்கே இரண்டு பள்ளத்துக்கும் இடையே ஒரு சாண் அகலம் பலகை தேயாமல், ரம்பத் தடத்தோடு அப்படியே இருந்தது. ஆக, அங்கே நின்றது வேறு ஒருவர். சின்னக் கால். யார் என்று தெரியாமல் அந்தப் பலகையைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. பிளவில் பசை செலுத்தி இறுக்கி, அடியில் ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்து அதையே மாட்டினேன். வாங்கிய புதுப்பலகையில் அந்த இணைப்புக் கோலைச் செய்துகொண்டேன்.

2023 ஜூனில், ஒரு சனிக்கிழமை, தோல் பெல்ட்டை மாட்டி, கையால் சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளி, காலை வைத்தேன். ஓடியது. பெரிய சத்தம் ஏதுமில்லை. பெல்ட்டின் ஒட்டுப் போட்ட இடம் கடக்கும்போது ஒரு சின்ன "சப்", எண்ணெயின் மெல்லிய சலசலப்பு, அவ்வளவே. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், எழவில்லை. மின்சார லேத்தில் இது நடக்காது.

மறுநாள் பெரியவருக்குப் போன் செய்தேன். அடுத்த வாரம் மகள் கார் ஓட்ட, வந்து இறங்கினார். கைத்தடியோடு எந்திரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். நான் ஓட்டிக் காட்டினேன். ஒரு மேப்பிள் துண்டை உருட்டினேன். சீவல் நாடாவாகப் பறந்தது. ஒன்றும் பேசவில்லை. பிறகு நான் அந்த இடதுபக்கப் பள்ளத்தைக் காட்டி, இது யாருடைய கால் என்று கேட்டேன்.

"ஓ, அது என் அத்தை நின்ற இடம்" என்றார், ஏதோ நாற்காலியைக் காட்டுகிற மாதிரி.

அவருடைய தாத்தாவுக்கு இடது முழங்கால் போய்விட்டதாம். நின்றுகொண்டு மிதிக்க முடியாது. உளி பிடிக்க மட்டும் முடியும். அத்தை பன்னிரண்டு வயதிலிருந்து மிதித்தாராம். நாற்காலிக் கால், கைப்பிடி, ஏணிப் படி என்று அந்த வட்டாரத்துக்குத் தேவையானதெல்லாம் அப்பாவின் கையும் மகளின் காலும் சேர்ந்து செய்தவை. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம் பண்ணைக்கு மின்சாரம் வந்ததைச் சிறுவனாக இருந்து பார்த்திருக்கிறார். அதன் பிறகும் சில வருஷம் அத்தை மிதித்துக்கொண்டுதான் இருந்தாராம். மோட்டார் வாங்கக் காசில்லையா என்று கேட்டேன். "காசு இருந்தது. தாத்தாவுக்கு எப்போ வேகம் கூட்டணும், எப்போ குறைக்கணும்னு அத்தைக்குத் தெரியும். மோட்டாருக்கு அது தெரியாதே" என்றார். அவர் வீட்டில் தாத்தா செய்த நாற்காலிகள் என்றுதான் அவற்றுக்குப் பெயராம். அத்தையின் பெயரை யாரும் சேர்த்துச் சொன்னதில்லை. அவருடைய மகள் அப்போதுதான் இதை முதல்முறையாகக் கேட்கிறார். குனிந்து அந்தப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தார்.

பிறகு அந்தப் பெண்மணி, அவருக்கும் அறுபது வயதிருக்கும், ஷூவைக் கழற்றிவிட்டு இடது முனையில் நின்றார். நான் மிதிப்பதை நிறுத்திக்கொண்டு உளியை மட்டும் பிடித்தேன். முதலில் தடுமாறினார். சக்கரம் இரண்டு தடவை எதிர்ப்பக்கம் சுற்றியது. "மேலே வந்து, கொஞ்சம் தாண்டினப்புறம் தள்ளு" என்று பெரியவர் ஓரமாக நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாலைந்து நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. ஒரு அரக் கைப்பிடி கடைந்து முடித்தோம். இரண்டு கால்களும் தரையில் ஊன்றி நின்று கடைவது எவ்வளவு வேறு விஷயம் என்று அன்றைக்குத்தான் அனுபவித்தேன். உளி கொஞ்சமும் நடுங்கவில்லை. கைப்பிடியைப் பெரியவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். அவர் 2024 குளிர்காலத்தில் காலமானார்.

மாணவர்களுக்கு ஒரு விஷயம். நம் ஒர்க்‌ஷாப் கார்ப்பென்டரி பிரிவில் மூலையில் ஒரு மர லேத் இன்னும் இருக்கிறது என்று நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதன் மேல் பழைய தேர்வு விடைத்தாள் கட்டுகள் இருக்கின்றன. கட்டுகளை இறக்கி வைக்க ஒர்க்‌ஷாப் ஆசிரியர் சம்மதித்திருக்கிறார். மோட்டார் எரிந்திருக்கிறது, ஸ்பிண்டில் நன்றாக இருக்கிறது. அதற்குக் கால்மிதி பொருத்த ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சக்கரத்தை நம் ஃபவுண்டரியிலேயே வார்க்கலாம், மர அச்சு நீங்கள் செய்தால். நம் பக்கத்தில் அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான் கடைபவர்கள் இருக்கிறார்கள். உளி பிடிப்பதை அவர்களிடம் போய்க் கேளுங்கள், என்னிடம் வேண்டாம். நான் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வெளியே வரவேற்பு மேசையில் நான் கடைந்த நான்கு உளிக் கைப்பிடிகளையும், அந்த மிதிபலகையின் போட்டோக்களையும் வைத்திருக்கிறேன். கையில் எடுத்துப் பாருங்கள். போட்டோவை எடுத்துக்கொள்ளலாம். கைப்பிடிகளைத் தயவுசெய்து திருப்பி வைத்துவிடுங்கள், உளிகள் ஊரில் கைப்பிடி இல்லாமல் காத்திருக்கின்றன.